டேபிளின் வலது பக்கம்

புதிதாக எம்.எஸ். பொது அறுவை சிகிச்சையில் சேர்கிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, எப்போ கேஸ் கொடுப்பாங்க?" ஊர் மாறும், யூனிட் மாறும், சீஃப் மாறுவார், கேள்வி மட்டும் மாறுவதில்லை. நானும் இதைக் கேட்டுக்கொண்டேதான் வந்து சேர்ந்தேன். மூன்று வருடப் படிப்பு முடிந்து, இப்போது மற்றவர்களுக்குக் கேஸ் கொடுக்கிற இடத்துக்கு வந்திருக்கிறேன். பதிலை வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், நிற்கிற இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வயிற்று அறுவை சிகிச்சைகளில் ஆபரேஷன் செய்பவர் நோயாளியின் வலது பக்கம் நிற்பார். முதல் உதவியாளர் அவருக்கு எதிரே, இடது பக்கம். இரண்டாவது உதவியாளர் கால்மாட்டை ஒட்டி. புதிதாக வருகிறவர் சுவரோரம், எதையும் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு. சுவரிலிருந்து கால்மாட்டுக்கு, அங்கிருந்து இடது பக்கத்துக்கு, அப்புறம் டேபிளைச் சுற்றிக்கொண்டு வலது பக்கத்துக்கு. மூன்று வருடம் படித்து நாங்கள் கடக்கிற தூரம் இந்தச் சில அடிகள்தான். லாக் புத்தகத்தில் இதையே குறிகளால் எழுதுவோம். பார்த்தது 'ஓ', உதவியது 'ஏ', பெரியவர் துணையோடு செய்தது 'பி.ஏ.', தனியாகச் செய்தது 'பி.ஐ.'.

முதல் வருடத்தில் கையைவிடக் காலுக்குத்தான் வேலை அதிகம். லேபுக்கு ரத்தம் போக வேண்டும், ரத்த வங்கியில் யூனிட் கேட்டு நிற்க வேண்டும், சி.டி. ஸ்கேனுக்கு நேரம் வாங்க வேண்டும், மயக்க மருத்துவரிடம் ஃபிட்னஸ் வாங்க வேண்டும். நடுவில் வார்டில் டிரஸ்ஸிங். நான் படித்த வார்டில் எந்த நாள் போனாலும் சர்க்கரை நோயால் கால் புண்ணானவர்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். என் கைக்கு முதலில் வந்த கத்தி, அவர்கள் புண்ணில் அழுகின சதையை வெட்டி எடுக்கத்தான் வந்தது. இதை யாரும் சாதனையாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் செத்த சதைக்கும் உயிருள்ள சதைக்கும் எல்லை எங்கே என்று கண்ணுக்குப் பழகியது அங்கேதான். செத்ததை வெட்டினால் ரத்தம் வராது. ரத்தம் கசிகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பிற்பாடு முறுக்கிக்கொண்ட குடலை வெளியே எடுத்து வைத்து, எவ்வளவு நீளம் போக வேண்டும், எவ்வளவை விட்டுவைக்கலாம் என்று பார்த்த ராத்திரிகளில் அந்தக் கால் புண்கள்தான் எனக்குக் கைகொடுத்தன.

முடிச்சு போடப் பழகியது விடுதிக் கட்டில் கம்பியில். வலது கையால், இடது கையால், கையுறை போட்டுக்கொண்டு, நூலை நனைத்துக்கொண்டு. என் அம்மா மல்லிகை கட்டும்போது விரலைப் பார்க்கவே மாட்டார், பேச்சு ஒரு பக்கம் ஓட பூ தானாக நெருங்கி வந்து நிற்கும். அந்த அளவுக்கு விரல் பழக வேண்டும் என்று எங்கள் உதவிப் பேராசிரியர் சொல்வார். காரணம் இருக்கிறது. இடுப்புக் குழிக்குள் ஆழத்தில் ரத்தக் குழாயைக் கட்டும்போது முடிச்சு கண்ணுக்குத் தெரியாது. நூலை மேலே இழுத்தால் குழாய் கிழிந்துவிடும். ஆள்காட்டி விரலால் முடிச்சைக் கீழே தள்ளிக்கொண்டு போய் உட்கார வைக்க வேண்டும். அது உட்கார்ந்துவிட்டதை விரல் நுனிதான் சொல்லும்.

இரண்டாவது உதவியாளராக நிற்கும்போது பெரும்பாலும் தெரிவது சீஃபின் முழங்கை மட்டும். டீவர் ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு, ஈரல் கீழே விழாமல் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் சீஃப் அடிக்கடி சொல்வார்: "அசிஸ்ட் பண்ணத் தெரியாதவங்களுக்கு ஆபரேட் பண்ணத் தெரியாது." அது வேலை வாங்குவதற்காகச் சொல்வது என்று அப்போது நினைத்திருந்தேன். அவருடைய அடுத்த அசைவு என்னவென்று எனக்கு முன்கூட்டியே தெரிய ஆரம்பித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர் கேட்பதற்கு முன்பே என் கை ரிட்ராக்டரை ஒரு விரற்கடை நகர்த்திவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கேஸில் என்னை எதிரே, இடது பக்கம் நிற்கச் சொன்னார்.

நெஞ்சுக் குழாய் போட்ட முதல் ராத்திரியைச் சொல்லாமல் போக முடியாது. சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவர். வலது பக்க நெஞ்சு அசையவில்லை, ஸ்டெதாஸ்கோப் வைத்தால் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பக்கத்தில் மூன்றாம் வருட அண்ணன் நின்றார். "நீ போடு. நான் இங்கேயேதான் இருக்கேன்" என்றார். அக்குளுக்குக் கீழே, ஐந்தாவது விலா இடைவெளி. மரத்துப்போக ஊசி. கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டியே போக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு விலாவுக்கும் அடிப்பக்கத்தில்தான் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. தசையை விலக்கிக்கொண்டு போனபோது ஒரு கணம் எதிர்ப்பு, அப்புறம் 'புஸ்' என்று காற்று. விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்க்கச் சொன்னார் அண்ணன். விரிந்து வந்த நுரையீரல் என் விரல் நுனியைத் தொட்டுவிட்டுப் போனது. குழாயைப் போட்டு, தண்ணீர் பாட்டிலோடு இணைத்ததும் அவர் மூச்சு விட விட நீர்மட்டம் ஏறி இறங்கியது. "மூச்சு வருதும்மா" என்றார் அந்த மனிதர். மருத்துவம் படிக்க வந்ததற்கு என்னிடம் யாராவது காரணம் கேட்டால் இப்போதும் இந்தச் சில நிமிடங்களைத்தான் சொல்வேன்.

இனி ஹெர்னியா. தமிழ்நாட்டில் எம்.எஸ். படித்த யாரைக் கேட்டாலும் முதல் பெரிய கேஸ் என்று குடலிறக்கத்தையோ குடல்வாலையோதான் சொல்வார்கள். எனக்குக் கிடைத்தது நெல் மூட்டை தூக்கும் லோடுமேன் ஒருவருடைய குடலிறக்கம். முந்தின நாள் சாயங்காலம் கன்சென்ட் வாங்கப் போனேன். அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், "டாக்டர் எப்ப வருவாரு பாப்பா?" என்று கேட்டார். பெண் சர்ஜன்கள் எல்லோருக்கும் பழக்கமான கேள்வி. "நான்தான் ஐயா டாக்டர். நாளைக்கு நான் ஆபரேஷன் பண்ணுவேன். எங்க சார் எனக்கு எதிர்ல நிப்பார், முழுக்கக் கூடவே இருப்பார்" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அவரு இருக்காருல்ல, அப்ப சரிம்மா" என்று கையெழுத்துப் போட்டார். அப்படிச் சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தது சீஃப்தான். நோயாளியிடம் யார் செய்யப்போகிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது, கூட யார் இருப்பார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பார்.

மறுநாள் ஸ்க்ரப் செய்துவிட்டு வந்தபோது சீஃப் இடது பக்கம் போய் நின்றுவிட்டார். நான் வலது பக்கம் வந்தேன். அவர் ஆறடிக்கு மேல் உயரம், நான் ஐந்தடி. அதுவரை எந்தக் கேஸுக்கும் டேபிள் அவருடைய உயரத்தில்தான் இருக்கும், நான் படி ஸ்டூல் போட்டு ஏறி நிற்பேன். அன்று அவர் மயக்க மருந்து டெக்னீஷியனிடம், "டேபிளை அவங்க உயரத்துக்கு இறக்குப்பா" என்றார். டேபிள் இறங்கியது. அந்த ஆபரேஷன் முடியும் வரை அவர் முதுகை வளைத்துக்கொண்டு குனிந்தே நின்றார். தானே செய்திருந்தால் அதில் பாதி நேரத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

நோயாளி விழித்துக்கொண்டிருந்தார். முதுகுத்தண்டு ஊசியில் இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போகும், காது நன்றாகக் கேட்கும். அதனால் சீஃப் என்னிடம் வாயால் பேசவேயில்லை. என் கத்தி போக வேண்டிய இடத்தில் ஃபோர்செப்ஸ் நுனியால் தொட்டுக் காட்டினார். வெளிச் சாய்தசையின் வெண்மையான சவ்வை நார்களின் திசையிலேயே பிரித்தபோது, அதற்கு அடியில் ஓடும் மெல்லிய நரம்பைச் சுட்டிக்காட்டி என் கண்ணைப் பார்த்தார். அதை வெட்டிவிட்டால் தொடையோரம் மரத்துப்போகும், தையலில் மாட்டிக்கொண்டால் மாதக் கணக்கில் வலிக்கும். குடலிறக்கப் பையைப் பிரித்து உள்ளே தள்ளி, பாலிப்ரொப்பிலீன் வலையை அந்தரங்க எலும்பு முனையைத் தாண்டி விரித்து, முதல் தையலை அங்கே போட்டேன். லிக்டென்ஸ்டைன் என்ற அமெரிக்க சர்ஜனும் அவர் குழுவினரும் 1989-இல் எழுதி உலகமெங்கும் பரவிய முறை இது. அதற்கு முன்னால் இத்தாலியின் பஸ்ஸினி காலத்திலிருந்து, இரண்டு பக்கத் திசுக்களையும் இழுத்து வைத்துத் தைப்பார்கள். இழுத்துத் தைத்தது மூட்டை தூக்குகிற உடம்பில் நாளடைவில் விட்டுக்கொடுக்கும். வலையில் இழுவிசை இல்லை. அந்த லோடுமேனின் தொழிலைத் தெரிந்துகொண்ட பிறகு, பாடப் புத்தகத்தில் படித்த அந்த வேறுபாடு எனக்கு வேறு கனத்தோடு தெரிந்தது.

எனக்கு அது முதல் ஹெர்னியா. அவருக்கு இருப்பதே அந்த ஒன்றுதான். என் பயிற்சியில் நடந்த எல்லா 'முதல்'களையும் இப்படித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். நானும் என்னோடு படித்தவர்களும் கற்றுக்கொண்டது பணம் கொடுத்து வேறு இடம் போக முடியாதவர்களின் உடம்பில். கொத்தனார், லோடுமேன், நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா, தூய்மைப் பணியாளர். அவர்கள் நம்பிக் கொடுத்ததை வைத்துத்தான் பிற்பாடு நாங்கள் எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில் வேண்டுமானாலும் சர்ஜன் என்று பலகை மாட்டுகிறோம். இந்தக் கடனுக்கு எனக்குத் தெரிந்து ஒரே நியாயமான ஏற்பாடு, கற்றுக்கொள்கிறவர் எதிரே, தெரிந்தவர் ஒருவர் குனிந்து நிற்பதுதான். அவர் நிற்கிற வரை கற்றுக்கொள்கிறவரின் கைக்கும் கற்றுத் தேர்ந்த கைக்கும் நோயாளி அனுபவிக்கிற வேறுபாடு, கொஞ்சம் கூடுதல் நேரம் மட்டும்தான். அவர் இல்லாமல் போனால் அது சோதனை ஆகிவிடும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

பொறுப்பைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பதை ஓர் ஒழுங்காக்கியவர் வில்லியம் ஹால்ஸ்டெட். 1889-இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஜெர்மன் நாட்டு மருத்துவமனைகளில் தான் பார்த்துவிட்டு வந்த முறையை ஒட்டி, மருத்துவமனையிலேயே தங்கிப் படிக்கும் ரெசிடென்சி முறையை உருவாக்கினார். 1904-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சர்ஜனை எப்படிப் பயிற்றுவிப்பது என்றே ஓர் உரை நிகழ்த்தினார். இன்று எங்கள் லாக் புத்தகத்தில் இருக்கும் அந்தக் குறிகளுக்கெல்லாம் வேர் அங்கே இருக்கிறது. ஊர் நினைவில் வைத்துக்கொள்வது என்னவோ வலது பக்கம் நின்றவரைத்தான். சென்னை பொது மருத்துவமனை வாசலில் டாக்டர் ரங்காச்சாரிக்குச் சிலை இருக்கிறது, அவர் கைராசியைப் பற்றி என் தாத்தா தலைமுறை கதை கதையாகச் சொல்லும். அவருக்கு எதிரே நின்று கத்தி பிடிக்கப் பழக்கியவர் யாரென்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. எனக்கு அந்த ஆளைத்தான் தெரிந்துகொள்ள ஆசை.

இரண்டாம் வருடத்தில் நடு ராத்திரிகள் வந்தன. முன்சிறுகுடல் புண் ஓட்டையாகி, வயிறு பலகை மாதிரி இறுகிப்போய் வருவார்கள். எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே பிறை போலக் காற்று. ஓட்டையை மூடுவது பெரிய வேலை இல்லை, அருகிலுள்ள கொழுப்புப் படலத்தைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்துத் தைத்துவிடலாம். டொராண்டோவின் ராஸ்கோ கிரஹாம் 1937-இல் சொன்னது இன்றும் அப்படியே நிற்கிறது. ஆனால் அந்த நோயாளி பிழைப்பதில் பெரிய பங்கு தியேட்டருக்கு வெளியே. சலைன் எவ்வளவு போயிற்று, சிறுநீர் எவ்வளவு வந்தது, ஆன்டிபயாடிக் எப்போது போட்டோம் என்பதில். சர்ஜரி என்றால் கத்தி என்று நினைத்து வருகிறவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடாது.

கத்தியே எடுக்காத ஒரு ராத்திரிதான் என் பயிற்சியில் நான் பெரிதாக நினைக்கிற இன்னொரு நாள். தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து இளம் பெண் ஒருவரை அனுப்பியிருந்தார்கள். கடுமையான வயிற்று வலி, வாந்தி, தொட்டாலே வலிக்கிறது. வயிற்றுக்குள் சீழ் என்று சந்தேகம். தியேட்டர் சிஸ்டர் டிராலி தயார் செய்துகொண்டிருந்தார். அந்தப் பெண் மூச்சை ஆழமாக, வேகமாக இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். வயிறு வலிக்கிறவர்கள் பொதுவாக மேலோட்டமாகத்தான் மூச்சு விடுவார்கள், வயிறு அசைந்தால் வலிக்குமே. கூட வந்த அம்மாவிடம் கேட்டேன். சின்ன வயதிலிருந்து இன்சுலின் போடுகிற பெண். வாந்தி எடுத்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதால் இரண்டு நாளாக ஊசி போடவில்லை. சர்க்கரை எக்கச்சக்கம், சிறுநீரில் கீட்டோன். இந்த நிலையில் வயிறு, திறந்து பார்க்க வேண்டிய வயிறு மாதிரியே வலிக்கும். சீஃபுக்கு ஃபோன் செய்தேன். "நீ என்ன பண்ணலாம்ங்கறே?" என்று கேட்டார். "இப்ப வேண்டாம் சார். சலைன், இன்சுலின் போடட்டும். நான் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் வயித்தைத் தொட்டுப் பாக்கறேன்." "சரி, பக்கத்துலயே இரு" என்றார். விடியும்போது வயிறு இளகியிருந்தது, அந்தப் பெண் தண்ணீர் கேட்டாள். லாக் புத்தகத்தில் இதற்குக் குறி இல்லை. நான் ஒரு கேஸை வேண்டாம் என்று சொல்லி, சீஃப் அதை ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மரணத்தைச் சொல்லப் பழகியதும் பயிற்சிதான். சாலை விபத்தில் ஈரல் சிதைந்து வந்தவர், எவ்வளவோ ரத்தம் ஏற்றியும் டேபிளிலேயே போய்விட்டார். வெளியே அவருடைய மனைவியும் தம்பியும் நின்றார்கள். எங்கள் யூனிட் மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். போகும் முன் தொப்பியையும் முகக் கவசத்தையும் கழற்றச் சொன்னார். ரத்தம் பட்ட கவுனை மாற்றச் சொன்னார். அவர்களை உட்கார வைத்து, தானும் உட்கார்ந்து, "உங்க வீட்டுக்காரர் இறந்துட்டார்மா" என்று நேராகச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "காப்பாத்த முடியல", "ரொம்ப சீரியஸ்" என்று தேய்த்துச் சொன்னால் அவர்கள் இன்னும் நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், அதைப் பிற்பாடு இன்னொரு தடவை உடைக்க வேண்டிவரும் என்று எனக்கு விளக்கினார். அந்தம்மா அழுது முடிக்கும் வரை மேடம் எழுந்திருக்கவில்லை.

லேப்ராஸ்கோபி பற்றிச் சுருக்கமாக. அதில் முதல் பதவி கேமரா பிடிப்பது, அதை யாரும் இழிவாக நினைக்க வேண்டாம். சீஃபின் கண்ணே உங்கள் கையில் இருக்கிறது. கை வலது பக்கம் போனால் கருவியின் நுனி இடது பக்கம் போகும், அது பழக அட்டைப் பெட்டிக்குள் பழைய ஃபோன் கேமராவை வைத்து பீன்ஸ் விதைகளைப் பொறுக்கிப் பழகினோம். பித்தப்பை எடுக்கும்போது ஸ்ட்ராஸ்பெர்க் 1995-இல் வகுத்த விதியை எங்கள் யூனிட்டில் மந்திரம் மாதிரிச் சொல்வார்கள். பித்தப்பையின் கழுத்தோரம் உள்ள முக்கோணத்தில் கொழுப்பு முழுக்க விலக வேண்டும், பையின் கீழ்ப் பகுதி ஈரலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும், பைக்குள் போவது இரண்டே இரண்டு குழாய் என்று கண்ணால் பார்க்க வேண்டும். மூன்றும் தெரியாமல் கிளிப் கேட்டால் சீஃப் கொடுக்க விடமாட்டார். பித்த நாளத்தை வெட்டிவிட்டால் அந்த நோயாளியின் மிச்ச வாழ்நாளே மாறிப்போகும்.

மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம் வேலை செய்தபோது, என் முதல் 'பி.ஐ.' குடல்வால். அங்கே மூத்த சர்ஜன் அடுத்த தியேட்டரில் இருந்தார், கூப்பிட்டால் வந்துவிடுவார். என் எதிரே நின்றது ஒரு ஹவுஸ் சர்ஜன். குடல்வால் கண்ணில் படவில்லை. பெருங்குடலின் மேல் ஓடும் மூன்று பட்டைகளும் எங்கே கூடுகின்றனவோ அங்கேதான் அதன் வேர். பட்டையைப் பிடித்துக்கொண்டே போனேன், பின்பக்கம் ஒளிந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அந்தத் தம்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் இவ்வளவு நாள் சீஃபின் முகத்தில் எதைத் தேடினேனோ, அதை அவன் என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தான்.

இப்போது நான் கேஸ் கொடுக்கிறேன். கொடுப்பது வாங்குவதைவிடக் கஷ்டம். ஜூனியர் தடுமாறும்போது அவன் கையிலிருந்து கருவியை வாங்கிவிட வேண்டும் என்று கை துடிக்கும். எந்தத் தடுமாற்றம் வெறும் தயக்கம், எது ஆபத்தின் தொடக்கம் என்று பிரித்தறிவது ஒரு தனிப் படிப்பு, அதில் நான் இன்னும் முதல் வருடம்தான். ஆபத்து என்றால் மறுபேச்சில்லாமல் வாங்கிவிடுவேன். தயக்கம் என்றால் காத்திருப்பேன்.

யாருக்குக் கொடுக்கிறேன் என்று கேட்டால் சொல்கிறேன். முந்தின நாளே நோயாளியிடம் போய் உட்கார்ந்து பேசினவர்களுக்கு. அவர் என்ன தொழில் செய்கிறார், வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள், எத்தனை நாள் கூலி போகும் என்று தெரிந்தவர்களுக்கு. ஆபரேஷன் முடிந்த பிறகு டிரஸ்ஸிங்கைத் தாங்களே பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு. முடிச்சு வேகமாகப் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்த வேகம் எல்லோருக்கும் நாளடைவில் வந்துவிடும்.

எங்கள் யூனிட்டில் முதல் வருடப் பையன் ஒருவன், நல்ல உயரம். வியாழக்கிழமை லிஸ்ட்டில் இரண்டு ஹெர்னியா இருக்கிறது. முதல் கேஸ் கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கும் பெரியவருடையது, அதை இவனுக்குக் கொடுப்பதாக இருக்கிறேன். இவன் இன்று சாயங்காலமே அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, அவருக்கு ராத்திரியில இருமல் இருக்கு. அதைச் சரி பண்ணாம தைச்சா நிக்காது. ஒரு வாரம் தள்ளிப் போடலாமா?" என்று கேட்டான். தள்ளிப் போட்டுவிட்டோம்.